நான் ஏழு முறை மூடிய டிக்கெட்

என் பிரியமுள்ள லூர்து அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் முதல் வரியிலேயே திருத்துகிற பேனாவை வைத்திருப்பாய். "பிரியமுள்ளவா? யார்டா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டிருப்பாய். யாரும் எழுதித் தரவில்லை. நானே தட்டியதுதான்.

இன்று கல்லறைத் திருநாள். காலையில் அம்மாவும் நானும் வந்து உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். கடல் காற்றில் நான்கு தடவை அணைந்தது. ஐந்தாவது தடவை, பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒருவர் தன் பூ வாங்கி வந்த அட்டைப்பெட்டியைத் தடுப்பாக வைத்துவிட்டு, "இப்ப நிக்கும் பாருங்க" என்றார். நின்றது. அம்மா செபம் சொன்னாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, ஆனால் அது செபத்தில் சொல்கிற விஷயம் இல்லை.

அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நான் உன்னை மறுத்தது ஆபீஸ் முழுக்கப் பார்க்கிற கணினிப் பலகையில். தப்பை ஒத்துக்கொள்வதை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டுப் போனால் அது நியாயம் இல்லை.

உனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் மற்றவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தேனாம்பேட்டையில் நமக்கு ஒரே கம்பெனி. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் அனுப்பும் ஆங்கிலப் புத்தகங்களைத் திருத்தி, பக்கம் கட்டித் திருப்பி அனுப்புகிற இடம். நீ மூன்றாவது மாடி, திருத்துகிறவள். நான் ஐந்தாவது மாடி, திருத்துகிறவர்கள் பயன்படுத்தும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவன். இலக்கணம் பார்க்கிற செக்கர் ஒன்றைக் கம்பெனி வெளியிலிருந்து வாங்கியது. தப்பென்று அது நினைப்பதன் கீழே சிவப்புக் கோடு போடும். அந்தக் கோடுகளை எண்ணி, திருத்துகிறவருக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் நிரலை எழுதியவன் நான்.

ஒரே பிற்பகலில் எழுதினேன். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோடு மிச்சம் இருந்தால் மதிப்பெண் குறையும், இல்லாவிட்டால் கூடும். போட்ட கோடு சரியா தப்பா என்ற கேள்வி அந்த நிரலில் எங்குமே இல்லை. அப்போது எனக்கு அது குறையாகவும் படவில்லை.

இரண்டாவது வாரமே உன் டிக்கெட் வந்துவிட்டது. மென்பொருளில் குறை கண்டவர் பலகையில் பதிகிற புகாருக்கு எங்கள் ஊரில் டிக்கெட் என்று பேர். 'ஆங்கிலத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் தொடர்களை செக்கர் தப்பு என்கிறது. விட்டுவைத்தால் எங்கள் மதிப்பெண் குறைகிறது. விலக்க வேண்டியவற்றின் பட்டியலை இணைத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தாய். நான் 'வடிவமைத்தபடியே இயங்குகிறது' என்று ஒரு வரி போட்டு மூடினேன்.

அன்று சாயங்காலம் சாந்தோம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நீ ஆரம்பித்தாய்.

"என் டிக்கெட்டை மூடிட்டியாடா?"

"அது பக் இல்லக்கா. டிசைனே அப்படித்தான்."

"அப்போ டிசைன்தான் பக்."

"ஒண்ணொண்ணுக்கா விலக்கு குடுத்துட்டிருந்தா விதின்னு ஒண்ணு எதுக்கு?"

"டேய், 'தலை போற அவசரம்'னு அம்மா சொன்னா, யார் தலைன்னு கேப்பியா நீ?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அவன் கேட்டானே! ஆறாங்கிளாஸ் படிக்கும்போது கேட்டான்!"

நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் காலை நீ டிக்கெட்டைத் திறந்தாய், மதியம் நான் மூடினேன். அடுத்த மாதம் இன்னும் சில வரிகள் சேர்த்துத் திறந்தாய். நான் திரும்ப மூடினேன். மூன்றாவது மாடியில் இதற்குப் பந்தயம் கட்டியிருந்தார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். யார் உன் பக்கம், யார் என் பக்கம்?

ஏழாவது முறை நடந்தது ஆபீஸில் இல்லை, அடையாறு ஆஸ்பத்திரியில். உனக்கு மூன்றாவது சுற்று கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் ஊசி, மற்றொரு கையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்து நாற்காலியில் நான். என் போன் அதிர்ந்தது. பார்த்தால் நீ டிக்கெட்டைத் திறந்திருக்கிறாய். நான் உன்னைப் பார்க்காமலே ஒரு விரலால் மூடினேன்.

"ஊசி குத்தின கையோட நான் கஷ்டப்பட்டுத் தொறக்கறேன். நீ ஒத்த விரல்ல மூடறே பாரு" என்றாய்.

"உடம்பு சரியாகட்டும்க்கா, அப்புறம் சண்டை போடலாம்."

"சண்டை இல்லடா. உன் மெஷினுக்குத் தெரியாததைத் தப்புன்னு சொல்ல வேணாம்ங்கறேன். தெரியலைன்னு சொல்லச் சொல்லு. அவ்ளோதான்."

நர்ஸ் வந்து மருந்துப் பையை மாற்றினாள். பேச்சு நின்றுபோனது. நீ அந்த டிக்கெட்டை மறுபடி திறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆறு வாரத்தில் நீ போய்விட்டாய்.

இனி நடந்ததுதான் உனக்குத் தெரியாதது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேனாம்பேட்டை சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். போனில் செய்தி வந்தது: 'லூர்து மேரி பதிந்த டிக்கெட் மீண்டும் திறக்கப்பட்டுள்ளது.' சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே இழுத்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

நேரே மூன்றாவது மாடிக்குப் போனேன். யார் திறந்தது என்று சத்தமாகவே கேட்டேன். உன் பக்கத்து மேஜை ஷமீனா எழுந்து நின்றாள். உன்னோடு பன்னிரண்டு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்.

"நான்தான் தொறந்தேன், பிரிட்டோ. அக்கா பேர்ல மெசேஜ் வரும்னு தெரியாதுப்பா, சத்தியமா. எனக்கு வேற வழி தெரியல."

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ஒரு வயதான அம்மாள் தன் தாயைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறாள். அந்தத் தாய் வாயைத் திறந்தால் பழைய சொலவடையாகத்தான் வருமாம். ஷமீனா அதில் ஒன்றையும் தொடவில்லை. காகிதத்தில் புரூஃப் பார்த்த நாள் முதல் உங்கள் இருவருக்கும் இருந்த வழக்கப்படி, ஒவ்வொன்றின் கீழும் புள்ளிவரிசை வைத்து 'அப்படியே இருக்கட்டும்' என்று குறித்திருக்கிறாள். என் நிரல் அவளுக்கு அறுபத்தொன்று போட்டது.

தொண்ணூறுக்குக் கீழே இருக்கும் கோப்பு வெளியே போகாது. அது தானாகவே கார்த்திக்கின் மேஜைக்குப் போகும். உன் வரிசையில் கடைசி மேஜை, எப்போதும் நூறு வாங்குகிற பையன், நினைவிருக்கிறதா? அவன் 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். சிவப்புக் கோடு ஒன்றில்லை, நூற்றுக்கு நூறு. புத்தகம் போய்விட்டது.

எழுதிய அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. 'இலக்கணம் எல்லாம் சரியாக இருக்கிறது. என் அம்மாவைத்தான் காணவில்லை' என்று.

திருத்தியது யார் என்று சேதுராமன் சார் கணினியில் பார்த்தார். உன் காலத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு அவர்தானே மேலாளர். கோப்பை முதலில் தொட்டவர் பேரைத்தான் கணினி காட்டும். அதுவும் என் வேலைதான். ஷமீனா என்று வந்தது. மதிப்பெண்ணும் குறைவு, புகாரும் அவள் பேரில். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

"அக்கா இருந்தா எனக்காகச் சண்டை போட்டிருப்பாங்க. அதான் அவங்க டிக்கெட்டையே தொறந்தேன்" என்றாள். "வேணும்னா மூடிடு. உனக்குப் பழக்கம்தானே?"

அவள் குத்திக்காட்டவில்லை அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

கீழே இறங்கி டீக்கடைக்குப் போனேன். நீ எப்போதும் சர்க்கரை கம்மியாகக் கேட்கிற மணி அண்ணன் கடைதான். "இன்னா நைனா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா பத்து நிமிசமா ஆறின டீயைப் புட்ச்சிக்கினு நிக்கிறே? ஊத்திட்டு வேற குடி" என்று கிளாஸைப் பிடுங்கிக்கொண்டார். மூஞ்சி எங்கே தொங்குகிறது, எதில் தொங்குகிறது என்று நான் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து கொஞ்சம் தேறியிருக்கிறேன் போல.

மேலே வந்து உன் டிக்கெட்டைத் திறந்தேன். கீழே இணைப்பு. இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஏழு முறை மூடினேனே, அந்தப் பட்டியலை ஒருமுறைகூட நான் திறந்து பார்த்ததில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். முதல் கட்டத்தில் ஆங்கிலத் தொடர், இரண்டாவதில் செக்கர் அதை என்னவாக மாற்றச் சொல்கிறது என்பது, மூன்றாவதில் தமிழில் உன் குறிப்பு. நம் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதி வைத்திருந்தாய்.

'பை அண்ட் லார்ஜ்', பொதுவாகப் பார்த்தால் என்கிற பொருளில் வருவது, அதற்கு எதிரே: 'பாய்மரக் கப்பல்காரங்க பேச்சு. கடலோரத்துல பொறந்தவ நான், கை வைக்க மாட்டேன்.'

'ஃபார் பி இட் ஃப்ரம் மீ' என்பதற்கு: 'நான் சொல்லக் கூடாது, இருந்தாலும்னு அம்மா ஆரம்பிக்குமே, அதேதான். ஆரம்பிச்சா நிறுத்தாது.'

'ஸோ ஃபார் ஸோ குட்', இதுவரைக்கும் நல்லபடிதான் என்பது, அதற்கு: 'டாக்டர் இன்னிக்கு இதைத்தான் சொன்னாரு. இதுல வாக்கியம் முடியலைன்னு செக்கர் சொல்லுது. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.'

டாக்டர் அதைச் சொன்னபோது நானும்தானே அங்கே இருந்தேன். நீ தலையாட்டினாய். நான் நிம்மதியாகக் கேன்டீனுக்குப் போய் வடை சாப்பிட்டேன். அங்கே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தாய், நான்தான் திறக்கவில்லை, இல்லையா?

கடைசி வரி, ஏழாவது முறை நீ சேர்த்தது. 'கம் வாட் மே.' எது வந்தாலும் வரட்டும் என்று துணிந்தவர்கள் சொல்வது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. நர்ஸ் வந்த நேரமா, நான் மூடிய நேரமா, தெரியவில்லை.

அன்றும் மறுநாளும் உட்கார்ந்து வேலை பார்த்தேன். உன் பட்டியலை நிரலில் ஏற்றி, ஷமீனாவின் கோப்பை மறுபடி ஓடவிட்டேன். தொண்ணூற்றெட்டு. மிச்சம் இரண்டு உண்மையிலேயே தப்பு. அவளிடம் சொன்னேன். "ரெண்டு கமா விட்டிருக்கே." அவள் முறைத்தாள். "எனக்கு வேலை போவப்போவுது, இவன் கமா எண்றான்!" சொல்லிவிட்டு உட்கார்ந்து அந்த இரண்டையும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சேதுராமன் சார் அறைக்குள் அவள் போனபோது நானும் பின்னாலேயே நுழைந்தேன்.

"பிரிட்டோ, உன்னை நான் கூப்பிடலையே?"

"என்னைத்தான் சார் கூப்பிட்டிருக்கணும். தப்பு என்னோடது."

சுற்றி வளைக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். கோப்பு எத்தனை மேஜை மாறியது, எந்த மேஜையில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற பதிவுகளைத் திரையில் காட்டினேன். ஷமீனா அனுப்பிய புத்தகத்தில் அந்தத் தாய் இருக்கிறாள், நூறு வாங்கிய புத்தகத்தில் இல்லை என்றேன். மதிப்பெண் தப்பை எண்ணவில்லை, கோட்டைத்தான் எண்ணுகிறது என்றேன்.

"இதை முன்னாடியே யாரும் சொல்லலையா?"

"எங்க அக்கா சொன்னாங்க சார். ஏழு தடவை. நான் பட்டியலைத் திறக்காமலே மூடிட்டேன்."

"திறக்காமலேயா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். "அந்த ஸ்கோரை வச்சுத்தான்யா ரெண்டு வருஷமா எல்லாருக்கும் அப்ரைசல் போட்டிருக்கேன். லூர்துக்கும் அதான். ஃப்ளோர்லயே அவங்களுக்குத்தான் கம்மி. 'எதிர்பார்ப்பை எட்டவில்லை'ன்னு என் கையால எழுதினேன். வீட்ல சொல்லலையா?"

நீ சொல்லவில்லை. அந்த வருஷம் அப்ரைசல் என்னாச்சு என்று நான் கேட்டபோது, "வழக்கம்போலதான்" என்றாய். எனக்கு நல்லபடியாக வந்திருந்தது. மதிப்பெண் நிரலை வேகமாக முடித்துக் கொடுத்ததற்காக. அதைக் கொண்டாட நீதான் என்னை அடையாறுக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கித் தந்தாய். எப்படி அக்கா உனக்கு அது இறங்கியது?

வெளியே வந்ததும் ஷமீனா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இது அக்காவோடது. என்னோடது பாக்கி இருக்கு."

அவள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் திருத்திய பிரதியே அந்த அம்மாளுக்குத் திரும்பப் போனது, கூடவே நான் எழுதிய மன்னிப்புக் கடிதமும். என் கடிதம் மின்சாரம் நின்றுவிடும் என்ற அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ஷமீனா அதைப் பாதிக்கு மேல் மாற்றினாள். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். வேறு யாராவது என் அம்மாவைத் தொலைத்துவிட்டு இரண்டாவது முறை அனுப்பினால் நான் என்ன பதில் எழுதுவேன்?

மற்றபடி செய்திகள். கார்த்திக் இப்போது என்னோடு பேசுவதில்லை. உன் பட்டியலில் இருப்பதை மாற்றினாலும் மதிப்பெண் குறைகிற புதுக் கணக்கில், அவனுடைய நூறு இப்போது எழுபதாக இறங்கிவிட்டது. போன வாரம் ஷமீனாவிடம் போய், 'இதை விடணுமா மாத்தணுமா' என்று கேட்டானாம். சேதுராமன் சார் பழைய அப்ரைசல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பார்க்கிறார். உன்னுடையதையும் மாற்றியிருக்கிறார். அம்மாவிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது அவளுக்கு இப்ப எதுக்கு?" என்றாள். மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

நிரலையும் மாற்றிவிட்டேன். நீ சொன்னபடிதான். செக்கருக்குத் தெரியாததன் கீழே இனி சிவப்புக் கோடு வராது, சாம்பல் நிறக் கோடு வரும். 'எனக்குத் தெரியவில்லை, திருத்துகிறவர் முடிவு செய்யட்டும்' என்று சொல்லும். அதற்கு மதிப்பெண் குறையாது. எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. காதில் பாட்டு இல்லை.

ஒரே ஒரு சிக்கல். மறுக்கிற டிக்கெட்டை நாங்களே மூடலாம்; வேலை முடிந்த டிக்கெட்டை மட்டும் பதிந்தவரே பார்த்து, சரி என்று அழுத்தினால்தான் அது மூடும். ஏழு நாளில் அழுத்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். உன் டிக்கெட்டுக்கு மட்டும் அந்த ஏழு நாளை எடுத்துவிட்டேன். விதிக்கு விலக்கு கொடுத்திருக்கிறேன் அக்கா, குறித்துக்கொள். எல்லா டிக்கெட்டும் மூடிய பலகையில் உன் பேர் மட்டும் திறந்து நிற்கிறது. சேதுராமன் சார் நேற்று பார்த்துவிட்டு, "அது என்னய்யா ஒண்ணு மட்டும்?" என்று கேட்டார். பிறகு பேரைப் படித்தார்.

உன் கடைசி வரிக்கு எதிரே இருந்த காலிக் கட்டத்தில் ஏதாவது எழுதலாம் என்று மூன்று தடவை தட்டினேன். மூன்று தடவையும் அழித்தேன். நீ எழுத நினைத்தது எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்றே வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தின் கீழே உன் புள்ளிவரிசையை மட்டும் போட்டிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் என்ன இணைத்து அனுப்பினாலும் திறந்து, கடைசி வரி வரை படிக்காமல் எதையும் மூடமாட்டேன். உன்னுடையதைப் படித்த பிறகும் மூடமாட்டேன். சரி என்று நீ அழுத்துகிற வரைக்கும் அது திறந்தே இருக்கும்.

யார் தலை என்று கேட்ட உன் தம்பி,
பிரிட்டோ